ஆபரேட்டரின் வேகத்தைக் கவனிக்கவும்

எண்ணூர் போகிற வழியில் இருக்கும் அந்தக் கன்டெய்னர் யார்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலடிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதுபோல நாலைந்து யார்டுகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அங்கே இருந்தது ஒரே ஒரு சர்வர். அந்தப் பெட்டிக்குள்ளேயே மூன்று தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் ஓடுவதுபோல மென்பொருளால் பிரித்து வைத்திருந்தேன். ஒன்று கேட் பாஸ் போட, ஒன்று கணக்கு எழுத, ஒன்று கேமராக்களுக்கு.

தீபாவளிக்கு முன்பு மேனேஜர் போன் செய்தார். கேட் பாஸ் வர நேரமாகிறதாம், டிரெய்லர்கள் சாலைவரை நிற்கின்றனவாம். நான் வீட்டிலிருந்தபடியே கேட் பாஸ் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தேன். அது சாப்பாட்டு நேரம். கேட்டில் வேலையே ஓடவில்லை, எல்லாம் சாதுவாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரின் மூளையான செயலிக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘டிரைவர்’ என்ற குட்டி மென்பொருள் வேலை செய்யவில்லை என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை மட்டும் இருந்தது. பெட்டிக்குள் பெட்டியாக ஓடும் கம்ப்யூட்டருக்கு அந்த டிரைவரே தேவையில்லை, அது சும்மா புலம்பும். அதனால் கண்டுகொள்ளவில்லை. ‘கணினியில் குறை இல்லை. ஆபரேட்டரின் வேகத்தைக் கவனிக்கவும்’ என்று இரண்டு வரி ரிப்போர்ட் எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

தீபாவளி கழிந்து மறுபடி போன். “தம்பி, கேட்ல இருக்கிற புள்ளைய நாளையோட நிறுத்துறேன். புது ஆள் வருது. வந்து லாகின் போட்டுக் குடுங்க.”

மறுநாள் காலையில் போனேன். ஒரே ஹாரன் சத்தம். கேட் கேபின் ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரி டிரைவர் உள்ளே இருந்தவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “யம்மா, தூங்கிகினு கீறியா? எம்மா நேரம் நிக்கிறது!” அவள் திருவொற்றியூர் மீனவக் குப்பத்துப் பெண். புருஷன் மீன்பிடி போட்டில் போகிறவர். கடலுக்குப் போக முடியாத நாட்களில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும்.

அவள் வண்டி எண்ணை அடித்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். விரல்கள் கடகடவென்று ஓடின. என்னைவிட வேகம்! என்டரைத் தட்டினாள். திரை அப்படியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அப்போதுதான் திரைக்கு மேலே சுவரில் பார்த்தேன். என் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது வரிக்குச் சிவப்பில் அடிக்கோடு. வெளியே நிற்கிற டிரைவர்களெல்லாம் ஜன்னல் வழியாகப் படிக்கும்படி இருந்தது.

“நீ எழுதுனதா சார் இது?” என்றாள்.

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

இந்த முறை உள்ளே ஓடும் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சுமக்கும் அந்தச் சர்வரின் பதிவேட்டையே திறந்தேன். அதே எச்சரிக்கை அங்கேயும் இருந்தது. உள்ளே இருந்தால் புலம்பல். சர்வரிலேயே இருந்தால் நோய். செயலி தன் வேகத்தில் கால்வாசிக்குமேல் ஏறவே இல்லை. டிரைவரைப் புதிதாகப் போட்டேன். மின்சேமிப்பை முழுக்க அணைத்தேன். எதற்கும் அசையவில்லை.

மேனேஜரிடம் போய், “டிரைவர் ஃபெயில் ஆகுது சார், சர்வர் ரூமைத் திறக்கணும்” என்றேன்.

“எந்த வண்டி டிரைவர்? அவனுக்கு எதுக்கு சர்வர் ரூம்?” என்றார். தலையில் அடித்துக்கொண்டு சாவியை வாங்கினேன்.

கதவைத் திறந்தால் திருவிழா! ஆயுத பூஜைக்குச் சாமி படத்தைச் சுற்றிக் கட்டிய சீரியல் செட் இன்னும் மின்னி மின்னி எரிந்துகொண்டிருந்தது. அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். யூபிஎஸ்ஸில் போய் முடிந்தது. கரன்ட் போனாலும் சாமிக்கு விளக்கு அணையக் கூடாதாம். அதற்காகப் பிடுங்கிய பிளக், சர்வரின் இரண்டு மின் இணைப்புகளில் ஒன்று. பின்னால் அது அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை இழந்த சர்வர், மிச்ச காலும் முறிந்துவிடாதிருக்கத் தன் வேகத்தைத் தானே பிடித்து வைத்திருந்தது. டிரைவர் அதைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

சீரியல் செட்டைப் பிடுங்கிப் பழைய பிளக்கைச் செருகினேன். சர்வரை ஒருமுறை அணைத்து மறுபடி ஓடவிட்டேன். எச்சரிக்கை போயே போய்விட்டது.

“சாமி விளக்குனு எழுதாதீங்க தம்பி. நான்தான் மாட்டச் சொன்னேன். அப்டேட் அது இதுன்னு ஏதாவது எழுதிருங்க” என்றார் மேனேஜர் மெல்லிய குரலில்.

“அந்தப் பொண்ணு?”

“இருந்துட்டுப் போகட்டும். புது ஆள் வேண்டாம்.”

இருந்துட்டுப் போகட்டுமாம்! என்ன தாராளம்! அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். சுவரில் இருந்த என் வரி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டு கேபினுக்கு நடந்தேன்.

அவள் ஒரு வண்டி எண்ணை அடித்து என்டரைத் தட்டினாள். கையை எடுப்பதற்குள் பாஸ் வந்து விழுந்தது. இன்னொன்று. அதுவும். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா சார்?”

“நல்லாத்தான்மா இருந்துச்சு.”

“தெனம் காலீல ராயபுரத்துல டைப்பிங் கிளாசுக்குப் போய்கினு கீறேன் சார். புள்ளைங்கள இஸ்கோலுக்குக் கூட அனுப்பாம ஓடுறேன். படா பேஜாரு சார்.” என் பக்கம் திரும்பினாள். “நீ ஒரு தபா வந்து பாத்துருக்கலாம்ல?”

என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எம்பி அந்தக் காகிதத்தைப் பிய்க்கப் போனேன்.

“கிழிக்காத சார்!” என்று கையைத் தட்டிவிட்டாள். மேசையில் இருந்த சிவப்பு மார்க்கரை எடுத்து நீட்டினாள். “அது மேலயே எழுது.”

என் இரண்டாவது வரியை அடித்தேன். ‘ஆபரேட்டரிடம் குறை இல்லை. சர்வர் பிளக்கைப் பிடுங்கிச் சாமி விளக்கு மாட்டியிருந்தார்கள். நேரில் வந்து பார்க்காதது என் தப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த டிரெய்லர் வந்து நின்றிருந்தது.

“இன்னும் பெருசா எழுது சார்,” என்றாள். “அங்க நிக்கிறவங்களுக்குத் தெரியல.”