சிவப்புப் புள்ளி வந்த வழி

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்த சமயத்தில் அங்கே நடந்த விஷயம் இது. கைக்குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையை விரித்தால் அதற்குள் அடங்கிவிடுகிற சின்னச் சட்டைகள். தைத்து வந்ததும் எங்கள் பெண்கள் ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து, உள்ளே கையை விட்டுப் புரட்டி, ஓட்டை இருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடுவார்கள். அது கறை எடுக்கிற தம்பியின் மேஜைக்குப் போகும்.

அந்தத் தம்பி ஒடிசாக்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மனைவி, ஒரு பெண் குழந்தையோடு கம்பெனி கொடுத்த அறையில் குடியிருந்தார். ஒரு டப்பாவில் கரைசல் வைத்திருப்பார். கறைமேல் அதைப் பீய்ச்சி, பிரஷ்ஷால் தேய்த்து, அதே கரைசல் கலந்த தொட்டியில் சட்டையை முக்கிப் பிழிந்து நிழலில் காயப்போட்டு எங்களிடம் திருப்பித் தருவார். அவர் கைபட்டுப் போகாத கறையே இல்லை என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஊர் மாரியம்மன் கோவிலில் அப்போதுதான் பூச்சாட்டி நோன்பைத் தொடங்கியிருந்தார்கள். பூவோடு எடுப்பதாக, அதாவது தீச்சட்டி ஏந்துவதாக, வேண்டிக்கொண்டு எங்கள் பெண்களில் ஏறக்குறைய எல்லோருமே காப்புக் கட்டி விரதம் இருந்தார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் யார் யார் லீவு கேட்டு வந்து நிற்பார்களோ என்பதுதான் அன்றைக்கு என்னுடைய பெரிய கவலை. நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் அந்த நோன்பு சமயத்தில் லீவு இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தப் புள்ளிகள் வந்தன. கறை எடுத்துத் திரும்பி வந்த சட்டைகளில், சிவப்பாக, வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி. முதல் நாள் ஒன்றிரண்டு. அடுத்த நாள் கூடை கூடையாக. எண்ணெய்க் கறை இருந்த இடம் பளிச்சென்று இருக்கிறது. அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் இந்தச் சிவப்பு. ஆர்டர் கொடுத்த பையரின் இன்ஸ்பெக்ஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேனேஜர் ஒரு சட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு செக்கிங் பகுதிக்கே வந்துவிட்டார்.

“இது யாரோட வேலை?”

எங்கள் பெண்களில் மூத்தவரான அக்கா எழுந்து நின்றார். கண்டிப்பான ஆள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். காப்புக் கட்டிய கையைத் தம்பியின் மேஜைப் பக்கம் நீட்டி, “வேற யாருங்க சார்? இந்தத் தம்பி கைக்குப் போயிட்டு வர்ற துணியிலதானுங்க வருது. அவரு பல்லைப் பாருங்க, பாக்குக் கறை போகவே இல்லை” என்றார்.

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அவர் மேஜைக்குப் போகாத சட்டைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. மேனேஜர் அதற்குமேல் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பி என்னிடம் வந்து நின்றார்.

“அக்கா, பான் இல்லே. பாப்பாவை இங்க ஸ்கூல் போட்ட பிறகு பான் விட்டாச்சு. பல்லு மட்டும் அப்படியே இருக்கு, நான் என்ன பண்றது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தப் பாப்பா ஒன்றாம் வகுப்பு. பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரையெல்லாம் எழுத்துக்கூட்டி அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிற குழந்தை. படிப்பு நடுவில் அதைப் பிடுங்கிக்கொண்டு எங்கே போவார்கள்?

ஆனால் இரக்கத்தைவிட முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது ஆச்சரியம்தான். உண்மையைச் சொல்கிறேனே. பல்லிடுக்கில் நார் சிக்கினால் நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்குமே, அந்த மாதிரி சுபாவம் எனக்கு. அந்தச் சட்டைகளை மறுபடி மறுபடி புரட்டினேன். எல்லாப் புள்ளியும் சட்டையின் உட்பக்கத்தில், கீழ் ஓரத்தில் மட்டுமே இருந்தது. எச்சில் தெறித்தால் வெளியே அல்லவா விழும்? மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “அவன் துணியைத் திருப்பிப் போட்டுத்தான தேய்க்கறான்?” என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார்.

அன்றைக்குத் தம்பியிடம் கொஞ்சம் கரைசலைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு, கட்டிங் வேஸ்ட்டில் கொஞ்சம் வெள்ளைத் துணியையும் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியில் வெற்றிலை பாக்கும் வாங்கினேன். வாசற்படியில் உட்கார்ந்து நன்றாக மென்று துணியில் துப்பி, கரைசலை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

“ஏம்புள்ள, இதென்ன புதுப் பழக்கம்?”

“வேலைங்க” என்றேன், வாய் நிறைய வெற்றிலையோடு.

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். வெற்றிலைக் கறை கரைசல் பட்டதும் பழுப்பாகி வெளுத்ததே தவிர, அந்தச் சிவப்பு வரவில்லை. சரி, பாக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு என்ன? அடுத்த நாள் ஊசித் துரு. அதற்கடுத்த நாள் டீ. பிறகு மெஷின் ஆயில், குங்குமம், ஸ்டிக்கரின் பசை. எதுவும் ஒத்துவரவில்லை. “நீ பனியன் கம்பெனிக்குப் போறியா, சி.ஐ.டி. ஆபீசுக்குப் போறியா?” என்று வீட்டில் கிண்டல். எனக்கே சலித்துவிட்டது. நமக்கு எதற்கு வம்பு, மேனேஜர் பாடு, தம்பி பாடு என்று அந்தத் துணிகளை வாரிக் குப்பையில் போட்டேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கோழிக்குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்து, வழக்கம்போல் நெஞ்சில் சிந்திக்கொண்டார். திட்டிக்கொண்டே சட்டையை வாங்கித் துவைக்கிற கல்லில் போட்டு சோப்புத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை கண் முன்னாலேயே சிவந்தது.

அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். குழம்புக் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று இந்த நாட்டில் தெரியாத பொம்பளை உண்டா? எத்தனை வருஷமாகத் துவைக்கிறேன்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். தம்பியின் டப்பாவில் இருந்தது சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீர்தான். அப்படியானால் சிவப்பை அவர் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே அங்கே ஒட்டியிருந்த மஞ்சளை அவருடைய தண்ணீர் காட்டிக் கொடுத்திருக்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் பிடிபடாத வெளிறிய மஞ்சள். சாயங்காலம் கொடியில் பார்த்தால், அலசிப் போட்டிருந்த சட்டையில் கறையை வெயில் குடித்துவிட்டிருந்தது, ஒன்றுமே மிச்சம் இல்லை. அதையும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இருக்கட்டும், செக்கிங் ஹாலுக்குள் மஞ்சள் எப்படி வந்தது? சாப்பாட்டுக் கைதான் காரணம் என்று நினைத்து, மறுநாள் மதியம் எல்லோரும் கை கழுவுகிறார்களா என்று பைப்படியில் காவல் நின்றேன். நன்றாகத்தான் கழுவினார்கள். அதோடு, காலையில் சாப்பாட்டு மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் பார்த்த சட்டைகளிலும் புள்ளி வந்தது. தம்பியின் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றிவைத்து, ஒவ்வொரு மேஜையிலிருந்தும் சில சட்டைகளை எடுத்து முக்கிப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பெண்களின் மேஜையில் மட்டும் ஒரு புள்ளி இல்லை. அவர்கள் அப்படி என்ன செய்கிறார்கள், அல்லது என்ன செய்யவில்லை? தலை சுற்றியது.

டீ வந்தது. மூத்த அக்கா எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து நீட்டினார். நான் டம்ளரை வாங்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தினம் குளித்து மஞ்சள் பூசிய, பங்குனி வியர்வையில் நனைந்து ஊறிய கயிறு. சட்டைக்குள் கையை விட்டுப் புரட்டும்போது சட்டையின் கீழ் ஓரம் சரியாக அந்தக் காப்பில்தான் உரசும். திருநெல்வேலிப் பெண்களுக்கு இந்த ஊர் நோன்பு இல்லை, காப்பும் இல்லை.

“என்ன கண்ணு, டீ ஆறுது” என்றார் அக்கா.

கண்டுபிடித்த சந்தோஷம் அந்த டீ ஆறும்வரைகூட நிற்கவில்லை. இதை எப்படிச் சொல்வது? மேனேஜர் காதில் போட்டால், “கயிறைக் கழட்டச் சொல்லு” என்பார். விரதம் இருக்கிறவர்கள் காப்பைக் கழற்றுவார்களா? மொத்தப் பேரும் எழுந்து போய்விடுவார்கள். அதுவும் நான், கழுத்தில் சிலுவையோடு நின்றுகொண்டு, உங்கள் காப்பால்தான் வந்தது என்று சொன்னால் அது எங்கே போய் முடியும்? சொல்லாவிட்டால் தம்பி சனிக்கிழமை மூட்டை கட்ட வேண்டும். எனக்குப் பயமாகவே இருந்தது. கண்டுபிடிப்பது ஒரு வேலை என்றால், அதைச் சொல்வது அதைவிடப் பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டிங் பகுதிக்குப் போய் ரிப் துணியின் வேஸ்ட்டைக் கிளறினேன். ரிப் என்றால் பனியனின் கழுத்துக்கும் கைக்கும் வைக்கிற, இழுத்தால் நீளுகிற துணி. குழாய் மாதிரி வருகிற வெள்ளை ரிப்பை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, முதலில் என் கையில் மாட்டிப் பார்த்தேன். மணிக்கட்டை அழகாகக் கவ்விக்கொண்டது.

மறுநாள் காலையில் மூத்த அக்காவை மட்டும் பைப்படிக்குக் கூப்பிட்டேன். ஒன்றும் விளக்கவில்லை. ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்து மணிக்கட்டைத் துடைக்கச் சொன்னேன். துடைத்தார். லேசாக மஞ்சள் ஒட்டியது. அதன்மேல் தம்பியின் தண்ணீரை விட்டேன். துணி சிவந்தது.

அக்கா அந்தத் துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண் சிவக்க என்னைப் பார்த்தார்.

“எம்புள்ளை நல்லபடியாப் பெத்துப் பொழைக்கோணும்னு கட்டுன காப்பு இது. இதைக் கழட்டச் சொல்றியா?”

“கழட்டச் சொல்லலீங்க அக்கா. மூடிக்கலாமான்னு கேக்கறேன்.” என் கையை நீட்டிக் காட்டினேன். “எல்லாருமே போட்டுக்கலாங்க. காப்புக் கட்டுனவங்க, கட்டாதவங்க, நான், எல்லாரும்.”

அவர் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். ரிப்பை இழுத்து விட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு எதுவோ ஆனது.

“அந்தத் தம்பி மேல நாந்தானே கண்ணு கையை நீட்டுனேன். எங்காத்தா காப்பைக் கட்டிக்கிட்டு ஒரு பாவமும் அறியாத மனுசனை ஊரை விட்டு அனுப்பப் பாத்தனே” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குமேல் எனக்கு வேலை இல்லை. பெண்களிடம் அக்காவே பேசினார். நான் பேசியிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். அவர் பேசியதும் எல்லோர் கையிலும் ரிப் ஏறிவிட்டது. பிறகு மேனேஜர் அறைக்கும் அவரே போனார். நான் பின்னாலேயே போனேன். விஷயம் தெரிந்ததும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, “கயிறா?” என்று ஆரம்பித்தார். அக்கா ரிப் மாட்டிய கையை உயர்த்திக் காட்டினார்.

“அதெல்லாம் முடிஞ்சுதுங்க சார். துணியக் காயப்போட ஆள் மட்டும் குடுங்க.”

பெட்டியில் போட்ட சட்டைகளையும் பிரிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு தாய் குழந்தைக்கு முதல் தடவை போட்டுத் துவைக்கும்போது அது சிவந்திருக்கும். அலசி, கம்பெனி மொட்டை மாடி முழுக்கக் கயிறு கட்டி, உட்பக்கம் வெளியே தெரியும்படி காயப்போட்டோம். எல்லாமே தேறியது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றை ஒதுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பங்குனி வெயில் எங்கள் பக்கம் நின்றது. இன்ஸ்பெக்ஷனையும் தாண்டிவிட்டோம்.

மேனேஜர் தம்பியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “மாடியில கயிறு கட்டு, போ” என்றார். வேலை நிலைத்தது என்று நாங்கள் அதிலிருந்து தெரிந்துகொண்டோம். அக்கா மட்டும் மாடிக்கு ஏறிப் போய், எல்லோருக்கும் முன்னால் அவரிடம், “தப்பாச் சொல்லிப்போட்டேன், மனசுல வச்சுக்காதீங்க சாமி” என்றார். தம்பி துணிக் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, கறைப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

நோன்பு முடிந்து காப்பு அவிழ்த்த பிறகும் எங்கள் செக்கிங்கில் அந்த ரிப்பை யாரும் கழற்றவில்லை, வியர்வைக்கும் நல்லதாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: ‘இவன்தான் காரணம்’ என்று யார் கையை நீட்டினாலும், அது என் கையாகவே இருந்தாலும், என் கண் முதலில் போவது நீட்டிய கையின் மணிக்கட்டுக்குத்தான்.