பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு வழி

சைக்கிளின் ஹேண்டிலில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி அது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. போட்டுவைத்த பாதையை விட்டு விலகினால் கீச்சென்று கத்தும். மச்சான் அதை வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து காட்டியபோது, எங்கள் ஊர் ஹாலிஎலயிலிருந்து பதுளைக்குப் போக இது எதற்கு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போனால் போதாதா என்று கிண்டல் செய்தேன். எப்போதும் என்னைவிடப் பெரிதாகச் சிரிப்பவன் அன்று சிரிக்கவில்லை. "மடுல்சீமைக்குப் போகணும் மச்சான். அம்மாவப் பாக்க" என்றான்.

அவனுடைய அம்மா என் அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. மச்சான் தவழும் வயதில் அவர் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காய்ச்சலில் இறந்துபோனார். அடைமழையில் மயானத்துக்குப் போகும் பாதை சரிந்திருந்ததால் தேயிலை மலையோரத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. லயன் வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனத்துக்கு அன்று கிடைத்ததெல்லாம் ஒரு மண்மேடுதான், அதுவும் அடுத்த மழையில் கரைந்துவிடும். அத்தையின் கணவரும் சீக்கிரமே போய்விட, அப்பா குழந்தையை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தார். ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். அம்மா எங்கே என்று அவன் கேட்கும்போதெல்லாம் அப்பா சொன்ன பதில் ஒன்றுதான்: "பன்னெண்டாம் நம்பர் மல, ரோட்டுக்கு மேல, ரெட்டச் சவுக்குக்குக் கீழ." தேயிலைச் சரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, தோட்டத்தில் அதுதான் விலாசம். பாம்பு கடித்தாலும் பிள்ளை பிறந்தாலும் மலை நம்பரைச் சொல்லித்தான் பேசுவார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும் என்பதால், அவர் இருந்தவரை மச்சான் அங்கே போகவில்லை.

வளைகுடாவில் அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டே, போனில் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, வளைவு வளைவாக அந்த வழியை வரைந்திருந்தான். படத்தில் பாதை தெரியும், ஏற்றம் தெரியாதே. இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்பினோம். பசறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கருவி எங்களை பஸ் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திருப்பிவிட்டது. அது கொழுந்து பறிப்பவர்கள் ஏறி இறங்கும் படிக்கட்டு. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினோம். கொழுந்துச் சாக்கோடு ஒதுங்கி நின்ற ஒரு அக்கா, சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், சைக்கிளைச் சுமந்துகொண்டு போகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார். அப்போதுதான் மச்சான் சிரித்தான்.

பன்னிரண்டு என்று வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதிய கல் இருந்தது. ரோட்டுக்கு மேலே இரண்டு சவுக்கு மரங்களும் நின்றன. மச்சான் சூடம் ஏற்றினான். பூவும் பழமும் வைத்தான். பிறகு தேயிலைத் தூருக்கடியில் குப்புற விழுந்து, கைக்குழந்தையைப் போல அழுதான். அம்மாவின் முகம்கூடத் தெரியாதவன். எழுந்ததும் அந்த இடத்தைக் கருவியில் குறித்து, 'அம்மா' என்று பெயர் போட்டான். திரும்பி வேலைக்குப் போன பிறகும் அந்தப் புள்ளியை அடிக்கடி திறந்து பார்ப்பானாம். தான் செத்தால் அங்கேதான் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும் என்று போனில் விளையாட்டுப்போலச் சொல்வான்.

பிறகு ஒரு கல்யாணத்துக்காக அதே தோட்டத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று வைத்தபோது மலை நம்பர்களையெல்லாம் மாற்றிவிட்டார்களாம். நாங்கள் பூ வைத்தது பழைய ஏழாம் நம்பர் மலை. அத்தை படுத்திருந்த பழைய பன்னிரண்டு, ஒரு மண்சரிவில் அப்படியே பள்ளத்துக்குள் போய்விட்டது. தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு மரம் இல்லாத மலை எங்கே இருக்கிறது? அது எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று.

அவனிடம் சொல்லவேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள். ஆனால் செத்தால் அங்கே புதைக்கச் சொல்கிறவனிடம் எப்படி மறைப்பது? போனில் சொன்னேன். "அந்தப் புள்ளிய நான் அழிக்கல மச்சான். அழுறதுக்கு ஒரு எடம் வேணும்ல" என்றான்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவனே பெட்டியில் வந்தான். வேலைத்தளத்தில் மாரடைப்பு. தாய்க்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று சாவு வீட்டில் யாரோ கேட்டார்கள். அந்த இடம்தான் பள்ளத்துக்குள் போய்விட்டதே. ஹாலிஎல மயானத்தில் அடக்கம் செய்து, பெயர் எழுதிக் கல் வைத்தேன். அவனுக்காவது கல் இருக்கட்டும் என்றுதான்.

அவனுடைய பையில் வந்த கருவி இப்போது என் சைக்கிளில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அவன் வரைந்த வழியிலேயே போகிறேன். பஸ் ரோடு சுலபம்தான். ஆனாலும் அந்தப் படிக்கட்டில் சைக்கிளைச் சுமந்துகொண்டுதான் ஏறுகிறேன், தனியாக. சவுக்கு மரத்தடிக்குப் போனதும், வந்து சேர்ந்துவிட்டதாகக் கருவி காட்டுகிறது. இரண்டு சூடம் ஏற்றுகிறேன். அங்கே அத்தையும் இல்லை, மச்சானும் இல்லை.