பழுக்காத கசடு

நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளைக் கம்பியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நீரைப் பிரித்தபின் அடியில் மிஞ்சும் கசடை மரத்தூளோடு கலந்து, குவித்து, வாரம் இருமுறை கிளறிப் போட்டு உரமாக்குவது அவள் வேலை. குவியலுக்குள் ஆளுயரக் கம்பியைச் செருகி, சற்றுப் பொறுத்து உருவி, உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பாள். கை சுட்டால் உள்ளே இன்னும் வேகிறது; ஆறியிருந்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் அவள் கிளறியதை ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் நிலாவுக்குப் படிக்கட்டே கட்டியிருக்கலாம். அவள் முழங்காலைக் கேட்டால், எப்போதோ கட்டியாயிற்று, தினமும் ஏறி இறங்குகிறேன் என்று சொல்லும்.

ஆனால் முழுக்கப் பழுத்ததா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். பழுத்த உரம் மழை நனைத்த மண்போல் மணக்கும். அந்த மூக்கு அவளிடம் இல்லை. அங்கே வேலை செய்யும் ஒருவரிடமும் இல்லை; சேர்ந்த இரண்டாம் வருஷமே எல்லா மூக்கும் வேலையை விட்டு நின்றுவிடும். அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டு, வீடு திரும்பும் பேருந்தில் மடியில் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர் எழுந்து போனால் பழுக்கவில்லை. அவள் தோளில் சாய்ந்து தூங்கினால் பழுத்துவிட்டது. ஒருமுறை பச்சைக் கசடுக்கு ஓட்டுநரே வண்டியை விட்டு இறங்கிப் போய்விட்டாராம். நம்புவது உங்கள் பாடு.

இந்த முறை உரம் போகவேண்டியது அவளுடைய அக்காவின் தக்காளி வயலுக்கு. இரண்டு வருஷமாக அங்கே வேரழுகல். காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி மாலையில் துவண்டு படுத்துவிடும். பழுத்த உரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் அந்த நோய்ப் பூஞ்சையைத் தலைதூக்க விடாது என்று கம்பியக்கா மூன்று மாதம் கெஞ்சிய பிறகுதான் அக்கா பாதி வயலைக் கொடுத்தாள்.

"ஊர்க் கக்கூஸ எல்லாம் என் வயல்ல கொட்டப்போறே. இதுவும் போச்சுன்னா நிலத்த வித்துட்டு உன் வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன், பாத்துக்க."

"வாயேன். காலுக்குத் தைலம் தேய்க்க எனக்கும் ஆள் வேணும்."

நடவு நாள் நெருங்கியது. கம்பி ஆறிப்போய் வந்தது. பேருந்தில் யாரும் நகரவில்லை. லாரி புறப்பட்டது.

நட்ட ஐந்தாம் நாள், உரம் போட்ட பாதியில் நாற்றுகளின் நுனி கருகியது. ஓடிவந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்ததும் கம்பியக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. லாரி புறப்பட்ட வாரம் முழுக்க மழை. நிலையத்துக் கொட்டகைக் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர்தான் குவியலை ஆற்றியிருக்கிறது. பேருந்திலோ மழைக்கு அடைந்த கூட்டம். நகர நினைத்தாலும் எங்கே நகர்வது? மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கவே இடமில்லை.

"பழுக்காததக் கொண்டாந்துட்டேன்க்கா. வேர் வெந்துபோச்சு."

"ஏன்டி, பஸ்ஸ நம்பியா நான் குடும்பம் நடத்தணும்?"

கம்பியக்கா மண்வெட்டியை எடுத்து, போட்ட உரத்தை மேல்மண்ணோடு சுரண்டி வரப்போரம் குவித்தாள். அதன்பின் விடுமுறை நாளெல்லாம் அங்கேதான். நிலையத்தில் ஆறு நாள் கிளறியவள் ஏழாம் நாள் இங்கே வந்து கிளறினாள். அக்கா மூக்கைச் சுளித்தபடியே தினமும் முகர்ந்து பார்த்தாள். ஆறாவது வாரம், பாராட்டிவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதையோடு, "மண்ணு வாசம் வருது" என்றாள். மறுபடி உரத்தைப் பரப்பி, மறுபடி நட்டார்கள்.

முதலிலேயே நட்ட, உரம் போடாத மறுபாதி அதற்குள் பூத்திருந்தது. பூத்த கையோடு துவளவும் ஆரம்பித்தது. பத்து நாளில் வரிசை வரிசையாகப் படுத்தது. பிந்தி நட்ட பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விழுந்தன. மற்றவை நின்றன, காய்த்தன.

அக்கா இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்திருந்த கம்பியக்காவிடம் வந்தாள்.

"அந்தப் பாதிக்கு எத்தன லோடு வேணும்?"

"நாலு."

"நீதான் கிளறணும். வேற யாரும் கைவைக்கக் கூடாது."

"சரிக்கா."

எழுந்திருக்க வேண்டும் என்றுதான் கம்பியக்கா நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை.

"கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

"உக்காரு. யார் வேணாம்னா?" என்று சொல்லிவிட்டு, துவண்ட செடிகளைப் பிடுங்க அக்கா தனியாகவே இறங்கினாள்.