பில் குறையும் என்று சொல்லி விற்ற பிழை

இன்று காலை வெள்ளவத்தைக் கடைக்கு ஓர் ஆய்வுகூட டொக்டர் வந்தார். மைனஸ் எண்பது பாகை ஃபிரீசருக்காகப் போன மாதம் என்னிடம் விலை கேட்டவர். மலிவானது ஒன்று, கரண்ட் குறைவாக இழுப்பது ஒன்று என்று இரண்டுக்கும் விலை எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அண்ணை, மலிவானதுதானாம். ஓடரும் கொண்டந்திட்டன். இனி மாத்த ஏலாது."

"ஏன் பிள்ளை? உங்கட சின்ன ஜெனரேட்டர் அதை இழுக்காதெல்லே?"

"மற்றதுக்குக் காரணம் 'மின்சிக்கனம்' எண்டு எழுதினனான். பில் மினிஸ்ட்ரிதானே கட்டுது, எங்களுக்கென்ன எண்டு சாமான் வாங்கிற கமிட்டி அதை வெட்டிப்போட்டுது."

அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்ததே நான்தான். மருதானையில் பழைய ஃபிரிட்ஜ் திருத்திய நாளிலிருந்து, பில் குறையும் என்று சொல்லியே விற்றுப் பழகிவிட்டேன். கரண்ட் போனாலும் அந்த மற்றது நெடுநேரம் குளிரை விடாது என்று எழுதச் சொல்லியிருக்க வேண்டும். குண்டு போட விமானம் வந்தால் ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துகிற காலத்தில் அதுதானே முக்கியம்?

"உள்ளுக்கு என்ன வைக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

"வன்னியில எடுத்த இரத்த மாதிரியள்."

"பழுதானால் திரும்ப எடுக்கலாம்தானே?"

"ஆரிட்டை அண்ணை? அந்த ஊருகளில இப்ப ஆக்களே இல்லை."

ஓடரை வாங்கிக்கொண்டேன். எந்த ஃபிரீசரை விற்றாலும் எனக்கு நட்டமில்லை.

அந்த ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கப் பெரிய ஜெனரேட்டர் சும்மா வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். கொழும்பில் ஜெனரேட்டர் சும்மா நிற்கிறதா என்று சிரிக்க விரும்புபவர்களும் எழுதலாம்.