நகராத நாற்காலி

இரண்டு துண்டுகளை இறுக்கிச் சுருட்டி மெத்தையின் ஓரத்துக்கு அடியில் செருகுகிறாள் சிவனம்மாள். ஓரம் மேடானால் படுத்திருப்பவர் உருண்டு விழமாட்டார். கப்பலில் போனபோது சிப்பந்தி சொல்லிக்கொடுத்தது. செசிலி டீச்சரின் திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் தரை ஆடுவதில்லை. இருந்தாலும் செருகுகிறாள்.

சேவுகம்பட்டிக்காரி. முதியவர்களைப் பார்த்துக்கொள்வது தொழில். வெற்றிலை போடமாட்டாள், வாய் மணந்தால் நோயாளிக்குச் சாப்பாடு இறங்காது என்பாள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "மொதல்ல சுகரைப் பாருங்க" என்பாள்.

போன வருடம் செசிலி டீச்சரை அவர் மகள் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பலில் அனுப்பினாள். துணைக்குச் சிவனம்மாள். "அம்மாவைப் பத்திரமாக் கொண்டாந்து சேத்துருங்கக்கா." அவ்வளவுதான் சொன்னாள்.

அம்பாந்தோட்டையில் கப்பல் நின்றதும் டீச்சர் ஜன்னலில் கை காட்டினார். "சார் நிக்கிறாரு பாரு. குடையோட."

அவர் கணவர் மிக்கேல்ராஜ் சார் இறந்து ஆறு வருடம். சிவனம்மாள் சுகர் பார்த்தாள். சரியாக இருந்தது.

திருகோணமலைத் துறையிலும் சார் நின்றாராம். "என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காரு."

"நான் இருக்கையில எப்புடிக் கூட்டிட்டுப் போறாருன்னு பாக்குறேன்."

காங்கேசன்துறையில் டீச்சர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்குச் சார் வரலையா?"

"ஏறிட்டாரு."

திரும்பும் வழியில், பட்டப்பகலில், கடல் கொந்தளித்தது. தம்ளர், செருப்பு, பெட்டி எல்லாம் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடின. சிவனம்மாள் வாந்தி எடுத்துக்கொண்டே டீச்சரைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தாள். கட்டிலருகே இருந்த காலி நாற்காலி மட்டும் ஓடவில்லை.

கேட்டால், "கம்பளத்துல அதோட கால் மாட்டியிருக்கும்" என்கிறாள். சற்று நேரம் கழித்து அவளே, "அந்த ரூமுல கம்பளமே கெடையாது" என்கிறாள்.

டீச்சர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். கஞ்சியில் உப்பு போதவில்லை என்று சண்டை போடுகிறார். ஆனால் கட்டிலருகே ஒரு நாற்காலி கிடந்தாக வேண்டும். அதைக் கூடத்துக்குக் கொண்டுபோனால் கஞ்சியே குடிப்பதில்லை. மதியமானால் அதைப் பார்த்துச் சிரித்து, "இந்தா, கெளம்பிட்டேன்" என்று கால்களைக் கீழே இறக்கப் பார்ப்பார். துண்டுகள் அதற்குத்தான்.

இன்றும் இறக்கினார். சிவனம்மாள் கால்களைத் தூக்கி மேலே வைத்தாள். போர்த்திவிட்டாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே படுத்துக்கொள்ளலாம் என்று பாயை எடுத்துவந்தாள். இடம் போதவில்லை. நாற்காலியை இழுக்கக் கை நீட்டியவள், அதைத் தொடாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"செத்த நகருங்க சார்."

பிறகு பாயை விரித்தாள். இப்போது இடம் இருந்தது.