சாக்குக்குள் தொடங்கிய வேலை

அந்த வருஷம் சாக்கில் கட்டி ஊறப்போட்ட எங்கள் விதைநெல் வாய்க்காலில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்துவிட்டது. சாக்கைக் கரையேற்ற வேண்டிய காலையில், நிலத்துக்காரரின் காரியஸ்தர் எங்கள் மேல் போலீசில் பொய்யாக ஒரு புகார் கொடுத்தார். நானும் என் மனைவியும் பொழுது சாயும்வரை ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

குத்தகை நிலத்தை விட்டு எங்களைக் கிளப்புவதுதான் அவருக்கு வேலை. ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் துண்டின் கரை மாறும். எங்களைக் கிளப்பும் பேச்சு மட்டும் மாறாது. ஒரு போகம் தரிசாகக் கிடந்தால் போதும், குத்தகைக்காரன் நிலத்தைக் கைவிட்டான் என்று சொல்லிவிடுவார். வேறு விதை எங்களிடம் இல்லை. இது முளைத்தால்தான் நிலம்.

அன்று இருட்டிய பிறகுதான் சாக்கைத் தூக்கி வந்து தண்ணீரை வடித்து, வைக்கோல் போர்த்தி மேலே கல்லை வைத்தேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. போய்ப் போய் வைக்கோலை விலக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

"நீங்க தொறந்து தொறந்து பாத்தே அதுக்குச் சளி புடிச்சிடும். சூடு ஏற விடுங்க," என்றாள் மனைவி.

மகள் லீவில் வந்திருந்தாள். செல்களைப் பற்றி மேல்படிப்பு படிக்கிறவள். நான் ஏழாவதோடு நின்றவன்.

"ஏம்மா, உள்ள உசிரு இருக்குமா?"

"இருக்கும்ப்பா. காஞ்ச நெல்லுக்குள்ளயே எம்ஆர்என்ஏன்னு ஒரு சேதி இருக்கும். முளைக்க என்னென்ன புரதம் செய்யணும்னு அதுல இருக்கும். தண்ணி பட்டா அத வாசிக்கணும்."

"வாசிக்க வேண்டியதுதான?"

"எடுத்த எடுப்புல ஆரம்பிக்காது. அதுவும் உங்கள மாதிரிதான்."

சிரித்துக்கொண்டே சாக்குக் கட்டிய கயிற்றின் மிச்சத்தை எடுத்தாள். கயிறுதான் சேதி. அதன் நுனியில் குல்லாய் போல ஒன்று. ஒரு புரதம் வந்து குல்லாயைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்று கயிற்றின் சிக்கலைப் பிரிக்கிறது. பெரிய புரதம் ஒன்று அந்த இரண்டையும் சேர்த்து நிறுத்துகிறது. அதற்குப் பிறகுதான், புரதம் செய்கிற ரைபோசோமின் சின்னப் பாதி, தன் துணைகளோடு வந்து ஏறுகிறது. ஏறியும் வேலை தொடங்குவதில்லை. தொடக்கக் குறி வரும்வரை எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போகிறது. குறி கிடைத்ததும் துணைகள் விலகுகின்றன, பெரிய பாதி வந்து சேர்கிறது. அப்போதுதான் புரதம் வளரத் தொடங்குகிறது.

"எதுக்கு இவ்ளோ பாக்குது?"

"ஒரு எழுத்து தள்ளி ஆரம்பிச்சா மொத்தமும் வேற ஆயிடும்ப்பா."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மடையை அடைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்க்கிறவன் என்று ஊரே என்னைக் கேலி பேசும். இங்கே ஒரு நெல்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அத்தனை நிதானமாகச் சரிபார்க்கிறது. ஆனால் பார்த்து முடித்ததும் அது தொடங்கிவிடுகிறது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"ஒரு நாள் கூடக் கெடந்துச்சே?"

"தண்ணிக்குள்ள காத்து கம்மியானா வேலைய அடக்கிக்கிட்டு இருக்கும். செத்துப்போச்சுன்னு இல்ல. நெல்லு தண்ணிக்குப் பழகுனதுதான?"

மறுநாளும் ஜில்லென்றே இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் காரியஸ்தர் வரப்பில் வந்து நின்றார்.

"என்னய்யா, சாக்குல சோறு வேகுதா?"

வைக்கோலை விலக்கிக் கையை விட்டேன். கதகதவென்றிருந்தது. ஒரு பிடி அள்ளினேன். நெல்லுக்கு நெல் வெள்ளை முனை நீட்டியிருந்தது.

எட்டிப் பார்த்த காரியஸ்தர், "நல்லா வந்திருக்கே," என்று தன்னை மறந்து சொல்லிவிட்டார். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதானே. சொன்ன பிறகு அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்து, துண்டை உதறிக்கொண்டு வரப்பிலேயே நின்றார்.

கூடையில் விதையை வாரி நாற்றங்கால் ஓரத்துக்கு வந்தேன். தண்ணீர் அளவாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"பாத்தது போதும், எறங்குங்க," என்றாள் மனைவி.

காரியஸ்தர் பார்த்துக்கொண்டிருக்கவே சேற்றில் இறங்கி முதல் கையை வீசினேன். அந்தப் போகம் எங்கள் நிலம் தரிசாகவில்லை.