பதினான்கு படங்களில் என் மச்சான்

இரண்டாம் உலகச் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி, ஒரு சாவை வாயால் சொல்லத் துப்பில்லாமல் பதினான்கு படம் வரைந்தவன் நான். எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அது இன்னும் என்னை விட்டபாடில்லை. எழுதிவிட்டாலாவது தீருமா, பார்ப்போம்.

செத்தது என் மச்சான், அக்காவின் புருஷன். சின்னமனூரில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மேகமலைத் தோட்டத்துத் துரை வீட்டு விருந்துக்கு அந்த செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். இவர்கள் வாசித்து முடித்ததும் துரைசாணி கிராமபோனில் ஒரு தட்டைப் போட்டாளாம். அந்தச் சங்கீதத்துக்கு ஜாஸ் என்று பெயராம். மலையிலிருந்து இறங்கியவர் அதன் பிறகு பழைய ஆளாக இல்லை. கல்யாண ஊர்வலத்தில் கீர்த்தனையைப் பாதியில் விட்டுவிட்டு வாசிப்பிலேயே எங்கோ போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவார். பெண் வீட்டார் முறைப்பார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"எழுதி வச்சத வாசிக்கிறது இல்ல மாப்ள. ஒருத்தன் கேப்பான், இன்னொருத்தன் பதில் சொல்லுவான். பொய் சொன்னா அங்கனயே தெரிஞ்சுபோகும்" என்றார்.

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கைக்குழந்தையோடு அக்காவை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் சாக்ஸபோன் என்கிற வளைந்த பித்தளைக் குழலை வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதல் நாலைந்து வருஷம் கடிதமும் துணிமணியும் வந்தன. பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஆள் குடியில் விழுந்துவிட்டார் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடவுக்கும் களைக்கும் போய் மகளை வளர்த்தாள்.

எட்டாவது வருஷம் அவரோடு வாசித்த ஒருவர் என் போடி விலாசத்துக்கு எழுதியிருந்தார். மச்சான் தர்மாஸ்பத்திரியில் கிடக்கிறார், சீக்கிரம் வரவும். கடிதத்தை எடுத்துக்கொண்டு சின்னமனூருக்கு ஓடினேன். என்ன நோய், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எதையுமே அக்கா கேட்கவில்லை.

"கையோட கூட்டிட்டு வா தம்பி. எப்பிடி இருந்தாலும் சரி."

நான் கொழும்புக்குப் போன பிறகு அவர் ஆறு நாள் இருந்தார். ஆறு நாளும் பேசினார். மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நின்ற முதல் ராத்திரி, கைதட்டல், வாசித்து முடித்த பிறகு தூக்கம் வராமல் குடித்தது, பிறகு வாசிப்பதற்கே குடித்தது, விரல் நடுங்கியது, மேடையிலேயே விழுந்தது, ஹோட்டலை விட்டு வெளியே தள்ளியது, சாக்கடை ஓரத்தில் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். நடுங்குகிற கையோடு அவள் முன்னால் எப்படி நிற்பது என்றார். ஏழாம் நாள் காலையில் டீ குடித்துவிட்டு வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. மேலே சாக்ஸபோன் பெட்டியை மட்டும் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். டீக்கடையில் நான் நின்றது கால்மணி நேரம்கூட இருக்காது.

அங்கேயே எரித்தோம். கூட வாசித்தவர்கள் நாலு பேர் சிதைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார்கள். ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்வது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

கப்பலிலும் ரயிலிலும் வழி நெடுக ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாக்கு புரளவில்லை. கூட்டிக்கொண்டு வா என்றவளிடம் பெட்டியை நீட்டுவதா? போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒரு வார்த்தையில் முடித்தால், குடிகாரன் செத்தான் என்று தெருவே அந்த மனுஷனை முடித்துவிடும். அவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் அக்கா பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட நியாயம். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். அவ்வளவுதான்.

போடி கடைவீதியில் ஏலக்காய் மண்டிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் போர்டு எழுதுகிறவன் நான். கதவைச் சாத்திக்கொண்டு நாலு நாளில் பதினான்கு படம் வரைந்தேன். ஓர் எழுத்துகூடப் போடவில்லை. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்து இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள். சாவுச் செய்தி அன்னியன் வாயிலிருந்து வரும். ஊமைப் படம் பார்க்கிற மாதிரி அவளே தனியாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் படத்தில் மச்சான் கிளாரினெட்டோடு வாசல்படியில் நிற்கிறார், பக்கத்தில் அக்காவும் குழந்தையும். பிறகு ரயில், பிறகு கப்பல், பிறகு மேடை. அப்புறம் மேஜைமேல் ஒரு குப்பி, அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அடுத்ததில் குப்பி அவர் கையில். கீழே விழுந்தது, சாக்கடை ஓரம், ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் நான். பதினான்காவதில் காலிக் கட்டில், மேலே பெட்டி. சிதையை வரையக் கை வரவில்லை. வீட்டுச் சுவரில் ஒட்டுகிற படத்தில் பிணநெருப்பு வேண்டாம் என்றும் தோன்றியது. ஊரை விட்டுப் போகிறவரை முதுகு தெரிய வரைந்தால் அபசகுனம் என்று முதல் படத்தில் முகத்தை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். கப்பலையும் அப்படியே, நேராக நம்மைப் பார்த்து வருகிற மாதிரி. சாவைச் சொல்லப் போகிறவன் சகுனம் பார்த்த லட்சணம் இது.

அக்கா களைக்குப் போன நேரமாகப் பார்த்துச் சின்னமனூருக்குப் போனேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் சாவி வாங்கி, உள்ளறையின் நீளச் சுவரில் கஞ்சிப் பசை தடவி வரிசையாக ஒட்டினேன். முதல் படத்திலிருந்து நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுத் திருடன் மாதிரி போடிக்கு ஓடிவந்துவிட்டேன். யாராவது அழுதுகொண்டு வந்து என்னைக் கூட்டிப்போவார்கள் என்று காத்திருந்தேன். மூன்று நாள் ஆகியும் ஒருவரும் வரவில்லை. தனியாக அழுது ஆற்றிக்கொள்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் பெயிண்ட் வாங்கப் போடி ரயிலில் தேனிக்குப் போனேன். இறங்கினால் எதிரே அக்கா நிற்கிறாள். அரக்குச் சேலை, தலை கொள்ளாமல் மல்லிகை, நெற்றியில் பெரிய குங்குமம். பக்கத்தில் மகள், புதுப் பாவாடை. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"நீயும் வந்துட்டியா. மதுர ரயிலு இன்னும் வரல" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். மூன்று நாளாகத் தினமும் பஸ் ஏறி இங்கே வந்து நிற்கிறாளாம். வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. தெருப் பெண்கள் எல்லாம் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். கொழுந்தன் வீட்டுக்கும் சொல்லிவிட்டாளாம்.

எதைப் பார்த்து இப்படி என்று கேட்டேன். குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்கே என் படங்களைச் சொன்னாள்.

"மொதல்ல காலிக் கட்டிலு, அவக பொட்டி மட்டும் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தத காட்டிருக்க. அப்புறம் படுத்திருக்காக, நீ பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிற. அப்புறம் எந்திரிச்சு ரோட்டோரமா ஒக்காந்துட்டாக. குப்பியக் கையில வச்சிருந்தவக, அடுத்த படத்துல கீழ வச்சுட்டாகல்ல? அதப் பாத்துத்தேன் தம்பி எனக்கு உசுரே வந்துச்சு. அப்புறம் வாசிக்கிறாக, கப்பல்ல வர்றாக, ரயில்ல வர்றாக. கடைசில வாசல்ல நம்மளப் பாத்து நிக்கிறாக. பின்னாடி வர்றாகன்னு சொல்லத்தேன நீ முன்ன வந்து ஒட்டிட்டுப் போன?"

அக்கா சுவரை வலது கோடியிலிருந்து பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கத்துப் பெருமாள் கோயிலில் கருவறையின் வெளிச்சுவர் முழுக்கச் சாமி கதையைச் சித்திரமாக எழுதியிருப்பார்கள். வலம் வரும்போது அந்தச் சுவர் வலக்கைப் பக்கம் இருக்கும். ஆகவே கதையும் வலது கோடியில் தொடங்கி இடது பக்கமாக ஓடும். அக்கா பிறந்ததிலிருந்து கதைப்படம் பார்த்தது அந்தச் சுவரில்தான். எழுத்துப் படித்திருந்தாலாவது கண் இடது கோடிக்குப் போயிருக்கும். நானும் அவளோடு அதே சுவரைச் சுற்றி வளர்ந்தவன்தான். ஆனால் பத்து வருஷமாகப் போர்டு எழுதி எழுதி என் கைக்கு இடமிருந்து வலம் போவதைத் தவிர வேறு வழி தெரியாமல் போயிருந்தது. நான் சாகவிட்ட மனுஷனை அவள் ஒவ்வொரு படமாக எழுப்பி வாசல்வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

மதுரை ரயில் வந்து நின்றது. அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தபடி ஓடினாள். மூட்டை முடிச்சோடு ஆட்கள் இறங்கினார்கள். ஒரு உயரமான ஆளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்து அடங்கியதையும் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"அக்கா, நீ மாத்திப் பாத்துட்ட. காலிக் கட்டிலுதேன் கடைசிப் படம்."

அவள் என்னைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பின்னாலிருந்து முன்னாலாகப் படங்களை எண்ணிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எண்ணி முடித்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. அப்போது அவளைத் தெரிந்த இரண்டு பெண்கள், வந்துட்டாகளா என்று சிரித்துக்கொண்டே கேட்டபடி எங்களைக் கடந்து போனார்கள். அக்கா அவர்களுக்குத் தலையை ஆட்டினாள். பிறகு கையைத் தூக்கித் தலையில் இருந்த பூவைத் தொட்டாள். எடுக்கவில்லை.

"வாயில சொல்லிருந்தா நா வீட்டுக்குள்ளயே அழுதிருப்பேனே தம்பி" என்றாள்.

மகள் இன்னும் ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்த அப்பாவை அவளுக்கு என் படத்தில்தான் தெரியும். எந்த ஜன்னலில் அந்த முகம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.